உபதேசியாரின் காதும் எங்கள் வீட்டு மணியும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் பின்னால் தெரிந்துவிடப் போகிறது. நானே முந்திக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஒரு மனிதரைப் படத்தில் வரைந்தேன். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அவருடைய காதுகளைச் சின்னதாக்கினேன். மூக்குக்குக் கீழே ஒரு மீசையும் வைத்தேன். இனிமேல் அவர் பெற்ற மகளுக்கே ஆளைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் பக்கத்தைப் பதிப்பாளருக்கு அனுப்புவதாக எண்ணி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படம் எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. "இது நம்ம உபதேசியார்தானே? எப்படா மீசை வெச்சாரு?"

காட்டிக்கொடுத்தது காது இல்லை, நிற்கிற விதம். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, தூரத்தில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலத்தான் அவர் எப்போதும் நிற்பார். அந்த நிற்பை என் கை தானாகவே வரைந்துவிட்டிருக்கிறது. காதுகளைப் பற்றி என்ன சொல்ல! விடிகாலையில் கோயில் வாசலில் அவர் கிழக்குப் பார்த்து நின்றால், பின்னால் வரிசையில் நிற்கிற எங்களுக்கு இரண்டு காதுகளும் வெயில் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். பூவரச இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் நரம்பு நரம்பாகத் தெரியுமே, அப்படி. பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முறம். "முறம் வருதுடா" என்று யாராவது சொன்னால், சொன்னவன் யார் என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். பூசையின்போது பீடத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே, கடைசி வரிசையில் எவன் புளியங்கொட்டையைக் கீழே போட்டான் என்று கண்டுபிடித்துவிடுவார். மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பது, சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துவது, கோயில் மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. அந்த மணிக் கயிற்றை வேறு ஒருவரும் தொடக் கூடாது.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆளை மறைக்கத் தெரியாதவன் ஊரையாவது மறைக்கிறானா பார்ப்போம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் தாண்டி, ஏலாக்குறிச்சி மாதாவைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போகிற அளவுக்கு ஓர் ஊர். அங்கே கோயில் என்றால் மாதா கோயில். சாமி என்றால் பங்குச் சாமியார். தெருவில் நின்று "அந்தோணி" என்று ஒரு தடவை கூப்பிட்டால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும். அந்தத் தெருவுக்குத்தான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த என் அப்பா மாற்றலாகி வந்து வாடகைக்குக் குடியேறினார். சுத்தியும் ஆணியும் கம்பியும் நிறைந்த ஒரு மரப்பெட்டி அவருடைய சொத்து. முருகன் படம், பிள்ளையார் படம், ஒரு சின்னப் பித்தளை மணி, இவை அம்மாவின் சொத்து. மிச்சம் நான்.

ஊர் எங்களைக் கொடுமைப்படுத்தியது என்று சொன்னால் வாய் அழுகிவிடும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து குவிகிற பலகாரத்தைப் பொங்கல் வரை தின்றிருக்கிறேன். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கால் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருப்பவனுக்கு, தான் எவ்வளவு உயரம் என்பது திடீரென்று தெரிந்துவிடும். எனக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை. "டேய் விபூதி, உங்க பிள்ளையாருக்கு எந்தச் சாமியாருடா ஞானஸ்நானம் குடுத்தாரு?" என்று ஒருவன் கேட்பான். பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "அவருதான் எந்நேரமும் ஆத்தங்கரையிலயும் கொளத்தங்கரையிலயும் கெடக்குறாரு, அவருக்குத் தனியா எதுக்குடா?" என்றார். மறுநாள் அதைப் போய்ச் சொன்னேன். அடிதான் விழுந்தது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் நான் அந்த ஊர்க்காரனாக இருந்தேன். அது சாம்பல் புதன். அன்றைக்கு எல்லோர் நெற்றியிலும் சாமியார் சாம்பல் பூசிவிடுவார். பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் போலவே இருக்கும். ஒரு வருஷம் நானும் வரிசையில் போய் நின்றேன். நெற்றியில் ஏற்கனவே இருந்ததை அழித்துவிட்டு, புதிதாகப் பூசிக்கொள்ளும் ஆசையோடு நின்றேன். உபதேசியார் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "நீ தெனமும் போட்டுக்கிட்டு வர்றவனாச்சே, உனக்கு இன்னிக்கி எதுக்குப்பா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்டார், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் நியாயமான சந்தேகமும்கூட. அன்றைக்கு நான் வரிசையை விட்டு வெளியே வந்தபோது ஒரு நெற்றியும் என் நெற்றியளவு சுத்தமாக இல்லை.

மறைக்கல்விப் பாடவேளையில் என்னைப் போன்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று அட்டவணையில் போட்டிருந்தது. என்னைப் போன்றவர்கள் என்றால் நான். வாத்தியார் கிடையாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எனக்கு நானே நன்னெறி போதித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் தனக்குத் தானே நல்லவனாக இருப்பான்? ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். கரும்பலகைக்கு முன்னால் அந்தக் காதுகள் அசைந்துகொண்டிருந்தன. வரைய ஆரம்பித்தேன். இன்றைக்குப் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியனாக இருந்து சம்பளம் வாங்குகிறேன் என்றால், அதற்கு அடித்தளம் ஒரு ஜோடிக் காது.

இனி பெரிய வெள்ளிக்கு வருகிறேன். அதற்கு முந்தின நாள் சாயந்திரப் பூசையோடு எங்கள் ஊரில் மணிச் சத்தம் நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில்தான் மறுபடி அடிக்கும். அதுவரை மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை. பலகை ஒன்றில் சின்ன மரச்சுத்தியை ஆணியால் கோத்திருப்பார்கள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் சுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து டக்கு டக்கு என்று கேட்கும். அதை ஆட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கருப்புக் குடையைப் பிடித்தபடி உபதேசியார் தெருத் தெருவாக வருவார். அன்றைக்கு ஊரில் ரேடியோ பாடாது. அடுப்பு பாதி வீடுகளில் எரியாது. ஆசாரி பட்டறை பூட்டியிருக்கும். சுவரிலிருந்து காலண்டர் விழுந்தால்கூட மறுபடி மாட்ட ஒருவரும் ஆணி அடிக்க மாட்டார்கள். ஆண்டவர் கையில் ஆணி இறங்கின நாள். சத்தமாகத் தும்மவே எனக்குப் பயமாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் பெரிய வெள்ளி எப்போதும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். அம்மாவுக்கும் வெள்ளிக்கிழமைதான் முக்கியம். வீடு மெழுகி, விளக்கேற்றி, மணி அடித்துச் சூடம் காட்டாமல் அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிட மாட்டாள். ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது இவள் மணியை அடிப்பதா? அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். அப்பாவின் பழைய பனியனிலிருந்து ஒரு துண்டு கிழித்து மணியின் நாக்கில் சுற்றி நூலால் கட்டிவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஊமை மணியை முருகனுக்கு முன்னால் பக்தியோடு ஆட்டுவாள். சத்தம் வராது, ஆனால் கை ஆடும். முருகனுக்கு அது போதுமா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும் நம்ம நெலம" என்றாள்.

ஒரு வருஷம் துணி அவிழ்ந்துவிட்டது. அப்பா லைனில் கோளாறு என்று ரெட்டிபாளையம் பக்கம் போயிருந்தார். வெளியே டக்கு டக்கு சத்தம் எங்கள் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சூடத்தை ஏற்றி மணியை ஆட்டினாள். கிணிங் கிணிங் என்று அது அடித்தது பாருங்கள், அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மணிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அம்மா உடனே உள்ளங்கையால் மணியைப் பொத்தினாள். வெளியே டக்கு டக்கும் நின்றுபோனது. நான் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். வாசல் படல் திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். அம்மா கதவைத் திறந்து வெளியே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்தது வாசற்படியும், அதற்கு அப்பால் இரண்டு பாதங்களும், தரையில் விழுந்திருந்த ஒரு நிழலும்தான். நிழலின் தலையில் இரண்டு காது. ஏதோ பேச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம் டொம் டொம் என்று இடிக்கிற சத்தம். உபதேசியார் கட்டையால் கதவை இடிக்கிறார் என்று புரிந்துகொண்டேன். கண்ணைத் திறக்காமலே, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்; மாதாவையும் சேர்த்துத்தான். அம்மா உள்ளே வந்தாள், மணியைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். அந்த ஊரில் இருந்த வரைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை. உபதேசியாரும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. எங்கள் வாசலைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவார்.

இதைத்தான் பல வருஷம் கழித்துப் படக்கதையாக வரைந்தேன். மாதா கோயில் தெருவில் ஒரு லைன்மேன் மகன் வளர்ந்த கதை. வரைந்தவற்றைச் சென்னையில் ஒரு சின்னக் கண்காட்சியில் வைத்தபோது, தாடி வைத்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். எல்லாக் காட்சியையும் தரைமட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறீர்களே, அதிகாரத்தைக் கீழிருந்து கேள்வி கேட்கிற பார்வை அது என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். அது கட்டிலுக்கு அடியிலிருந்து பார்க்கிற பார்வை என்று அவரிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

நான் தவறான இடத்துக்கு அனுப்பிய பக்கம் இதுவேதான்: உபதேசியார் மரக்கட்டையை ஓங்கி எங்கள் கதவை இடிக்கிறார். அழிப்பதற்குள் அது குழுவை விட்டுத் தாண்டிப் போயிருந்தது. கூடப் படித்த ஒருவன், "எங்க வூட்டு பிரியாணி எல்லாம் தின்னுப்புட்டு இப்ப எங்களையே வரையிறியாடா?" என்று குரல் பதிவு அனுப்பினான். தின்றது உண்மை. அதைவிடப் பயமுறுத்தியது இன்னொரு போன். முன்பின் தெரியாத ஒருவர். தன் பெயரைச் சொன்னார், ஏதோ அமைப்பின் பெயரையும் சொன்னார். கலவரத்தில் இரண்டும் என் மண்டையில் நிற்கவில்லை. "நம்ம ஆளுங்க அங்க பட்ட கொடுமைய தைரியமா வரைஞ்சிருக்கீங்க சார். அந்தக் கதவை இடிக்கிற படம் ஒண்ணு போதும். புத்தகம் வரட்டும், ஊர் ஊரா நாங்க கொண்டு போறோம்" என்றார். என் படத்தை ஊர் ஊராகக் கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொல்லமாட்டாரா என்று இத்தனை காலம் ஏங்கியவன் நான். சொன்னபோது அவசரமாகப் போனை வைத்துவிட்டேன். உபதேசியார் இன்னும் உயிரோடு இருக்கிறார், அதே தெருவில், மகள் வீட்டில். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு யாரோ அந்த வாசலில் போய் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பதிப்பாளர் வேறு, "என்ன சார், அச்சுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதோ இதோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொந்தச் சாட்சியைத் திரட்டலாம் என்று அம்மாவிடம் போனேன். அவள் எங்களோடுதான் பெரம்பலூரில் இருக்கிறாள். கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தவளிடம் படத்தைக் காட்டினேன்.

"யாருடா இது, தாசில்தாரா?" என்றாள். மீசை வேலை செய்த ஒரே ஆள் என் அம்மாதான்.

"உபதேசியாரும்மா."

"அவருக்கு ஏது மீச? சரி, எதுக்குக் கதவப் போட்டு இடிக்கிறாரு?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? பெரிய வெள்ளி அன்னிக்கி நீ மணி அடிச்சிட்டேன்னு வந்து இடிச்சாரே."

அம்மா கொத்தவரங்காயைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டிலுக்கு அடியில கெடந்தவனுக்கு என்னடா தெரியும்? அவரு எங்கடா இடிச்சாரு? நான்தான் ஆணி அடிச்சேன்."

நடந்தது இதுதான். கிணிங் என்று மணிச் சத்தம் கேட்டதும் உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அடிக்கக் கூடாத நாளில், தன்னைத் தவிர ஒருவரும் தொடக் கூடாத மணியை யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஒரு கணம் பதறிக் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டார். மரச்சுத்தி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், ஆணி சாக்கடையில். மூன்று மணி ஆராதனைக்கு ஊரைக் கூப்பிட அது ஒன்றுதான் இருந்தது. ஊரில் எந்த வீட்டில் போய் ஆணி அடித்துத் தாருங்கள் என்று அன்றைக்குக் கேட்க முடியும்? கேட்டாலும் எவன் அடிப்பான்? நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஒங்க மணியாலதானம்மா கட்ட வுழுந்துச்சு, நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்க. ஒங்களுக்குப் பாவமில்ல" என்றிருக்கிறார். அம்மா அப்பாவின் பெட்டியிலிருந்து சுத்தியும் ஆணியும் எடுத்துவந்து, வாசற்படியில் வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"அடிக்கிற வரைக்கும் அவரு என்ன பண்ணாருன்னு நெனைக்கிற? மடக்கி வெச்சிருந்த கொடையக் கீழ போட்டுட்டு, ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னாரு. முடிஞ்சிருச்சுங்கன்னு கத்துறேன், கேக்கல. தோளத் தட்டுனப்புறம்தான் திரும்புனாரு. கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடக்கு."

"அப்புறம் ஏன் நம்ம வீட்டுப் பக்கமே பார்க்க மாட்டார்?"

"பயந்தான். ஆணி அடிச்சத நான் சொல்லிடுவேன்னு அவருக்கு. மணி அடிச்சத அவரு சாமியாருகிட்ட சொல்லிடுவாருன்னு எனக்கு. எதுக்க வந்தா ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சிக்குவோம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சிலுவை மேல சத்தியம் பண்ணுங்கன்னாரு. நான் பண்ணுனா சூடத்த அணைச்சுத்தான் பண்ணுவேன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, சத்தியமெல்லாம் வேணாம், சும்மா வாயால சொல்லுங்க போதும்னுட்டாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டியா?" என்றாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, இப்பச் சொல்லிட்டேனே."

இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்ததை, ஒருவர் விரட்டி இன்னொருவர் நடுங்கியதாக நான் படம் போட்டு வைத்திருக்கிறேன். சரி, திருத்திவிடலாம் என்று உட்கார்ந்து வரைந்தேன். அம்மா சுத்தியலோடு வாசற்படியில்; சுவர்ப் பக்கம் பாதி திரும்பி, அதே மீசையோடு, சின்னக் காதுகள் கைக்குள் முழுசாக மறையும்படி பொத்திக்கொண்டு உபதேசியார்; பக்கத்தில் விழுந்துகிடக்கும் குடை. படம் எனக்கே பிடித்துவிட்டது. பிடித்த அந்த நிமிஷமே தாளைப் பைக்குள் செருகினேன். பொய்ப் படம் வெளியே போனால் அவர் கொடுமைக்காரர். உண்மைப் படம் வெளியே போனால், பெரிய வெள்ளியன்று ஆணி அடிக்கவைத்த உபதேசியார். முந்தியது ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தீனி. பிந்தியது ஊருக்கு உள்ளே. வெளியார் சொன்னால் அவர் தாங்கிக்கொள்வார். காலமெல்லாம் கோயிலே கதியென்று கிடந்தவரைப் பார்த்து அவருடைய தெருவே முணுமுணுத்தால்? பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றால், பொய்ப் படம் ஏற்கனவே பல பேர் போனில் உட்கார்ந்திருக்கிறது. என் வாயை மூடினால் அது பேசிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில், அவரிடமே போய் இரண்டையும் காட்டுவது, அவர் வேண்டாமென்றால் புத்தகமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது துணிச்சல் இல்லை. பயத்தை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு வருகிற யோசனை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, உட்கார முடியவில்லை. முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி, ஜன்னல் வழியே வெள்ளைத் தூசி. அரியலூரில் பஸ் மாறியபோது கண்ணாடியில் பார்த்தால் தலை, புருவம், மீசை எல்லாம் நரைத்து, எனக்கே நான் மாறுவேடத்தில் இருந்தேன். அப்படியே போய் நின்றால் என்னையும் தெரியாதே, திரும்பி வந்துவிடலாமே என்றுகூடத் தோன்றியது. கீழப்பழுவூரில் பாதி பஸ் காலியானது. அங்கேயே இறங்கிவிட இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். "எறங்குறீங்களா, சாமி கும்புடுறீங்களா?" என்றார் கண்டக்டர்.

உபதேசியாரின் மகள் வீட்டின் முன்பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் விற்கிற கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "லைன்மேன் வூட்டுத் தம்பிதானே? வா" என்றார். வா என்ற சொல்லில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. "படம் எனக்கும் வந்துச்சு. அப்பாகிட்ட இன்னும் காட்டல. நீ வரைஞ்சத நீயே காட்டிக்க. ஒண்ணு, அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. மெஷின் வாங்கிக் குடுத்தோம், கொரகொரங்குதுன்னு கழட்டி எறிஞ்சிட்டாரு. சத்தமாப் பேசு."

உபதேசியார் உள்ளறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றிப் பாதியாகிவிட்டிருந்தது. காதுகள் வற்றவில்லை. கழுத்து அதே பக்கமாகச் சாய்ந்திருந்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். "லைன்மேன் மகன்" என்று கத்தினேன். எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். உபதேசியார், "ஆங்?" என்றார். அப்போதுதான் என் நிலைமை எனக்கு முழுசாக விளங்கியது. இத்தனை வருஷம் இரண்டு பேர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆணியை, கோயில் தெருவே கேட்கும்படி நான் கூவ வேண்டும். கூவவில்லை. மகள் அக்கா டீ போட உள்ளே போனதும், பையிலிருந்து முதல் படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். விரலால் கதவைத் தொட்டார், ஓங்கிய கட்டையைத் தொட்டார். பின் தாளைப் பக்கத்து ஸ்டூலில் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது தாளை எடுத்து நீட்டினேன்.

அதைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் பகல் மணி அடித்தது. இப்போது மணியை ஆள் அடிப்பதில்லை. ஒலிபெருக்கியில் பதிவு ஓடுகிறது. தெருவில் அந்தப் பெண் கீரையை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். உபதேசியார் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. ஊரில் ஒரு புளியங்கொட்டை விழுந்தால் கேட்ட மனிதர், தன்னுடைய மணி அடித்து முடிகிற வரைக்கும் என் அம்மாவின் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா டீயோடு வந்தார். படத்தைப் பிடுங்கி ஒளித்துவிடலாமா என்று என் கை போனது. அதற்குள் உபதேசியாரே தாளைத் தூக்கி மகளுக்கு நேராகக் காட்டினார். அக்கா டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது லைன்மேன் சம்சாரம்... சுத்தி எதுக்கு?" படத்துக்கு மேலே நான் எழுதியிருந்த தலைப்பைப் படித்தார். "பெரிய வெள்ளியா?" அப்பாவைப் பார்த்தார். "ஏம்ப்பா, பெரிய வெள்ளியிலயா?" அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார். அக்கா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இனிமேல் கத்தாமல் முடியாது. குனிந்து, அந்தக் காதுக்கு நேராக வாயை வைத்து, "இதைப் புத்தகத்துல போடலாமா?" என்று கத்தினேன். எதிர்வீடு, கடை, தெரு எல்லாம் என் பக்கம் திரும்பின. அவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். நான் வைத்த மீசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கித் தன் காதுகளைப் பொத்தினார். விரல்களைத் தாண்டி மேலேயும் கீழேயும் காது தெரிந்தது. அப்படியே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்ப்பா, என் காது கைக்குள்ள அடங்குமா?"